ரஜ்ஜுப் பொருத்தம்

பெண்ணுக்கு வரன் தேடி ஊர் ஊராக அலைந்து மீண்டவன், இனி இந்த உலகத்தில் தன்னைக் கலங்கவைக்கக்கூடிய காரியம் ஒன்றுமில்லை என்று எண்ணிக்கொள்வது இயல்பு. நானும் அப்படித்தான், என் புத்திரியைச் சிங்கப்பூரில் குடித்தனம் வைத்துவிட்டுத் திரும்பிய நாள் முதல், தரகர், ஜாதகம், பொருத்தம் என்ற மூன்று வார்த்தைகளையும் இந்த ஜன்மத்தில் மறுபடி உச்சரிக்க வேண்டியிராது என்ற நிம்மதியுடன், மேற்கு மாம்பலத்து வீட்டு வராந்தாவில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 2009-ஆம் வருஷம் என் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் சம்பந்தம் பேசப் புறப்பட்ட பிறகே, மாப்பிள்ளை தேடியது எத்தனை சுலபமான காரியம் என்பது எனக்கு விளங்கிற்று.

எங்கள் கம்ப்யூட்டர், எல்லார் வீட்டிலும் இருப்பதைப் போன்றதல்ல. 2001-ல் வாங்கிய அந்த யந்திரம் வைரஸ் என்னும் வியாதி கண்டு, வைத்தியம் பார்த்த பையனுக்கு மாதாமாதம் பணம் அழுதும் தேறாமல் கிடந்ததைப் பார்த்து மனம் பொறாத என் தமக்கை மகன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலிருந்த விண்டோஸை அடியோடு துடைத்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து தபாற்செலவுகூட வாங்காமல் அனுப்பிவைத்திருந்த ஒரு குறுந்தட்டைச் செருகி, உபுண்டு என்ற லினக்ஸைப் பிரதிஷ்டை செய்தான். அதன் பூர்வோத்தரத்தையும் எனக்கு உபதேசித்தான்: ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் மாணாக்கராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 1991-ல் வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லி ஆரம்பித்த வேலையாம், அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், ஊருக்கெல்லாம் தானம் செய்யலாமாம், பெங்குவின் பட்சி அதற்குச் சின்னமாம். “ஒளிவு மறைவே கிடையாது மாமா, எல்லாம் திறந்த புஸ்தகம்” என்றான். இத்தனை பகிரங்கமான வம்சத்துக்குச் சம்பந்தம் கிடைப்பதில் என்ன சிரமம் என்று நானும் நினைத்தேன்.

1995 ஆகஸ்ட் 15-ஆம் தேதி வி.எஸ்.என்.எல். நிறுவனம் பாரத தேசத்துப் பொதுஜனங்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்ட காலத்தில் இந்தக் கவலை எவருக்கும் இருந்ததில்லை. மாப்பிள்ளை ஒருவரே இருந்தமையால், வேண்டுமென்றால் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கன்னியாகவே காலம் தள்ள வேண்டும். 1998-ல் தனியாருக்கும் அனுமதி பிறந்தது; தெருவுக்கு நாலு வரன்கள் முளைத்தார்கள்; தேர்ந்தெடுப்பது என்ற துன்பமும் கூடவே பிறந்தது.

முதல் அபசகுனம் வீட்டுக்குள்ளேயே நிகழ்ந்தது. கம்ப்யூட்டரின் வயிற்றில் பழைய மோடம் அட்டை ஒன்று இருந்தது. தொலைபேசிக் கம்பி வழியாகக் கூவியும் கீச்சிட்டும் இன்டர்நெட்டை அழைத்துவந்த அந்த அட்டையை, சிக்கனம் கருதி மறுபடி உபயோகிக்கலாம் என்றேன். அது பெயரளவில்தான் மோடம் என்றும், தான் செய்யவேண்டிய வேலையில் பெரும் பகுதியை விண்டோஸின் தலையில் கட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் ஜாதியைச் சேர்ந்தது என்றும், எஜமானி போய்விட்டபடியால் இனி அதற்குக் கை கால் ஓடாது என்றும் மருமான் சொன்னான். எங்கள் ஆபீசில் நான் கண்டிருக்கும் சில உத்தியோகஸ்தர்கள் ஞாபகத்துக்கு வரவே, மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

பிறகு வந்தவர் கேபிள் கம்பெனியின் பிரதிநிதி. விண்ணப்பப் பாரத்தை மடியில் விரித்துக்கொண்டு, “எந்த விண்டோஸ் சார்? எக்ஸ்பியா, விஸ்டாவா?” என்று கேட்டார்.

“லினக்ஸ்” என்றேன்.

அவர் பேனாவை ஒரு கணம் நிறுத்தி, “அது விஸ்டாவுக்கு அப்புறம் வந்ததா சார்?” என்று மரியாதையாகக் கேட்டார்.

என் விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இது: அவர்கள் கம்பெனி கொடுக்கும் ஒரு சாப்ட்வேர் திரையின் மூலையில் சதா ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அது நின்றால் இணைப்பும் அற்றுவிடும், அதுவோ விண்டோஸில் மட்டுமே ஓடும். கூடவே குடியிருந்து காவல் காக்கும் மாமியாருக்குச் சம்மதித்தால்தான் மாப்பிள்ளை என்பது போன்ற நிபந்தனை அது. காபி கொடுத்து அனுப்பிவைத்தோம்.

அடுத்த வரன் கட்டைவிரல் அளவில் இருந்தது. கம்ப்யூட்டரில் செருகினால் போதும், கம்பியே வேண்டாம் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். ஆனால் அந்தக் குச்சியைச் செருகியதும், அது தன்னை மோடம் என்று சொல்லிக்கொள்ளாமல், தான் ஒரு குறுந்தட்டு என்று வேஷம் போட்டது. அந்தத் தட்டிலிருக்கும் சாப்ட்வேரை விண்டோஸ் எடுத்து ஏற்றிக்கொண்ட பிறகே வேஷத்தைக் கலைத்து மோடமாக அவதரிப்பது அதன் சுபாவமாம். வேஷத்தை வலுக்கட்டாயமாகக் கலைக்க லினக்ஸிலும் உபாயம் உண்டு என்றான் மருமான். பெண் பார்க்க வந்த இடத்திலேயே தன்னை வேறொருவனாகச் சொல்லிக்கொள்கிறவனோடு தினசரி குடித்தனம் நடத்துவது எப்படி என்று என் சகதர்மிணி கேட்டாள். குச்சி கடைக்குத் திரும்பிற்று.

மிஞ்சியது, வீட்டுக்கு ஏற்கெனவே தொலைபேசி கொடுத்திருந்த நிறுவனம். விநாடிக்கு 256 கிலோபிட் ஓடினாலே அதற்கு ‘பிராட்பேண்ட்’ என்ற கௌரவப் பட்டத்தைச் சூட்டலாம் என்று அரசாங்கம் 2004-ல் வகுத்த கொள்கையின்படி, இந்த மாப்பிள்ளையும் பட்டதாரிதான். மாத அளவு குறைவு என்றாலும், இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் சேராது என்ற சலுகை இருந்தது. லினக்ஸுக்கு அவ்வப்போது திருத்தங்கள் மூட்டை மூட்டையாக வந்திறங்கும் என்பதாலும், முழு அமைப்பையும் புதிதாக இறக்கினால் 700 மெகாபைட் ஆகும் என்பதாலும், எப்படியும் மூன்று மணிக்கே விழித்துக்கொள்ளும் என் வயதுக்கு இது தெய்வ சங்கற்பமாகவே பட்டது.

மோடத்தைப் பொருத்த வந்த இளைஞனிடம் ஒரு குறுந்தட்டும் ஒரு யு.எஸ்.பி. கம்பியும் இருந்தன. கம்பியைச் செருகினான், தட்டை உள்ளே தள்ளினான், திரையைப் பார்த்தான். புக்ககத்துக்கு முதல் நாள் வந்த மருமகள் சமையலறை எந்தப் பக்கம் என்று தேடுவதுபோல் நாலு மூலையும் பார்த்துவிட்டு, “ஸ்டார்ட் பட்டன் எங்க சார்?” என்றான். இல்லை என்றேன். “கம்ப்யூட்டர் ரிப்பேர் சார்” என்று பாரத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் தோளில் கம்பிச் சுருளோடு வயதான லைன்மேன் ஒருவர் வந்தார். “கம்ப்யூட்டரெல்லாம் எனக்குத் தெரியாது சார்” என்ற பிரகடனத்தோடுதான் செருப்பையே கழற்றினார். மோடத்தின் முகத்தில் மினுக்கிக்கொண்டிருந்த பச்சை விளக்கைக் காட்டி, “இது சிமிட்டாம நின்னுதுன்னா லைன் வந்திருக்குன்னு அர்த்தம். மத்ததெல்லாம் உங்க வீட்டு விவகாரம்” என்றார். கம்பத்தில் ஏறினார்; இறங்கினார்; விளக்கு நின்றது. மருமான் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, யு.எஸ்.பி.யைப் பிடுங்கிவிட்டு, மோடத்தின் முதுகிலிருந்த அகன்ற ஈதர்நெட் துவாரத்தில் வேறு கம்பியைச் செருகி, 192.168.1.1 என்று தட்டி, பெயரையும் கடவுச்சொல்லையும் மோடத்தினிடமே ஒப்படைத்தேன். வாசலில் பெயர் சொல்லி உள்ளே நுழையும் உபசாரங்களை அது பார்த்துக்கொண்டது. பெங்குவினுக்கு எந்தச் சாப்ட்வேரும் தேவைப்படவில்லை. பத்தாவது நிமிஷம் சிங்கப்பூரிலிருந்து பேரனின் புகைப்படம் வந்து இறங்கிற்று.

ஐப்பசி மழையில் விளக்கு மறுபடி சிமிட்டத் தொடங்கியது. தொலைபேசியிலும் மணல் வறுக்கும் சத்தம் கேட்டது. இரண்டையும் எடுத்துச் சொன்னபோதிலும், உதவி மையத்துப் பெண் கம்ப்யூட்டரைத்தான் முதலில் பரீட்சிப்பேன் என்றாள். லினக்ஸ் என்று சொன்னால் பாரத்தில் மறுபடி ‘ரிப்பேர்’ ஏறிவிடும் என்ற பயத்தில், நாற்பது வருஷ உத்தியோகத்தில் பொய்க் கணக்கு எழுதியறியாத நான், இல்லாத ஸ்டார்ட் பட்டனை அமுக்கிவிட்டதாகச் சொன்னேன்.

“கறுப்பா ஒரு பெட்டி வந்துதா சார்? பிங் 192.168.1.1-னு அடிங்க.”

கறுப்புப் பெட்டி எங்கள் பெங்குவினிடமும் உண்டு. அடித்தேன்.

“நாலு வரி வந்து நின்னுடுச்சா சார்?”

“நிற்கவில்லை அம்மா. அறுபதைத் தாண்டிவிட்டது.”

விண்டோஸ் நாலு முறை விசாரித்துவிட்டு நிறுத்திக்கொள்ளும் என்பதும், லினக்ஸ் நாமாகப் போதும் என்று சொல்லும்வரை விசாரித்துக்கொண்டே இருக்கும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. மறுமுனையில் நீண்ட மௌனம். “ஆளை அனுப்புறேன் சார்” என்றாள்.

அதே லைன்மேன் வந்தார். கம்ப்யூட்டர் இருந்த அறைப்பக்கம் அவர் திரும்பவேயில்லை. கம்பத்து இணைப்பைப் பிரித்து, பச்சைக் களிம்பு பூத்திருந்த முனையைப் பிளேடால் சுரண்டி, செம்பு பளிச்சென்று தெரிந்ததும் இரண்டு இழைகளையும் முறுக்கிக் கறுப்பு நாடாவைச் சுற்றினார். வீட்டுக்குள் விளக்கு சிமிட்டுவதை நிறுத்திற்று.

என் பெண்ணின் ஜாதகத்தைப் புரட்டும்போதெல்லாம் எங்கள் ஜோஸ்யர், பத்துப் பொருத்தத்தில் மற்றவை முன்னே பின்னே இருந்தாலும் ரஜ்ஜு மட்டும் தட்டக்கூடாது என்பார். ரஜ்ஜு என்றால் கயிறு. அன்று கம்பத்தடியில் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தபோது அந்த வாக்கியம் எனக்கு ஞாபகம் வந்தது. பெங்குவினை வளர்க்கும் நண்பர்கள் எந்தக் கம்பெனி நல்லது என்று இப்போதெல்லாம் என்னைக் கேட்டால், வேகத்தையும் விலையையும் பற்றி நான் பேசுவதில்லை. உங்கள் தெருக் கம்பத்தில் ஏறுகிறவர் யார், அவர் கூப்பிட்ட குரலுக்கு வருகிறாரா, வந்தால் கம்ப்யூட்டரைத் தொடாமல் போகிறாரா என்று மட்டும் விசாரிக்கச் சொல்கிறேன்.