புகையில்லா நகரம்: ஒரு நன்றியுரை

மேடையில் மிச்சமிருப்பவர்களுக்கும், மாலையைக் கழற்றிவிட்டுக் காரில் ஏறிவிட்டவர்களுக்கும் வணக்கம். நன்றி சொல்ல வேண்டியவர் தலைவரோடு போட்டோ எடுக்கப் போய்விட்டதால் மைக் என் கைக்கு வந்திருக்கிறது. நுரையீரல் புற்றுநோய் விழிப்புணர்வுப் பேரணியை இவ்வளவு அமர்க்களமாக நடத்திக் கொடுத்த எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும்.

பத்து மணிக்கு வருகிறேன் என்று பன்னிரண்டுக்கு வந்த சிறப்பு விருந்தினருக்கு முதல் நன்றி. அதுவரை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பதாகையோடு மெயின் ரோட்டில் நின்றார்கள். ஒவ்வொரு மினி பஸ்ஸும் அவர்கள் முகத்துக்கு நேரே கரும்புகையைக் கக்கிவிட்டுப் போனது. செய்முறை விளக்கம் நிகழ்ச்சி நிரலிலேயே இல்லை, தானாக அமைந்தது.

ஃபிளெக்ஸ் அடித்துக் கொடுத்தவருக்கு நன்றி. அதில் இருபத்தேழு முகங்கள். நுரையீரலும் ஒன்று இருக்கிறது, வட்டச் செயலாளரின் காதுக்குப் பின்னால். மூன்று வாரம் தாண்டியும் இருமல் நிற்காவிட்டால், சளியில் ரத்தம் கண்டால், காரணமில்லாமல் உடம்பு இளைத்தால் மார்பு எக்ஸ்ரே எடுங்கள் என்று ஒரு வரி போட இடமில்லை. இருபத்தெட்டாவது முகத்துக்கு மட்டும் இடம் பண்ணியிருப்பார்கள்.

பள்ளிக்கு எதிர்ப் பெட்டிக்கடைக்கு நன்றி. நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்கிறது 2003ஆம் ஆண்டுச் சட்டம். நான் எண்ணிப் பார்த்தேன், நாற்பது தப்படி. கடைக் கம்பத்தில் தொங்கும் கயிற்றின் நுனி விடிகாலையிலிருந்து கனன்றுகொண்டே இருக்கிறது. கோயில் அணையா விளக்குக்குக்கூட இந்தக் கவனிப்பு கிடையாது. பாக்கெட்டில் 85 சதவீதத்துக்கு எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்று 2016இல் கொண்டுவந்தார்கள். கடைக்காரர் ஒவ்வொன்றாக உருவிக் கொடுக்கிறார். படம் பாக்கெட்டோடு கடைக்குள் பத்திரமாக இருக்கிறது.

அரசாங்கத்தை விடலாமா? பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் அபராதம் என்று 2008இல் காந்தி பிறந்த நாள் பார்த்து அமலுக்குக் கொண்டுவந்தார்கள். 2025 செப்டம்பரில் பீடிக்கான ஜிஎஸ்டியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைக்க முடிவெடுத்தார்கள். பொதுத்துறையின் ஆயுள் காப்பீட்டுக் கழகம், சிகரெட் விற்பனையில் நாட்டிலேயே முதலிடத்தில் இருக்கும் ஐடிசியில் சுமார் 15 சதவீதப் பங்கு வைத்திருக்கிறது. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது நம் ஊருக்குப் பழைய சங்கதிதான். இங்கே கிள்ளுகிற கைக்கு டிவிடெண்ட், ஆட்டுகிற கைக்கு பிரீமியம்.

இனி என் பெரியம்மா சார்பில் ஒரு நன்றி. அவள் பீடியைக் கையால் தொட்டவள் இல்லை. நாற்பது வருஷம் விறகடுப்பு. ஊதுகுழலை வாயில் வைத்து ஊதி, நிமிர்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்து, மறுபடி குனிந்து ஊதுவாள். விறகுப் புகையும் புற்றுநோய் தரக்கூடும் என்று அவளிடம் எந்தப் பேரணியும் வந்து சொன்னதில்லை. இருமலுக்கு முதலில் சிரப் கொடுத்தார்கள். பிறகு "டிபியாத்தான் இருக்கும்" என்று மாதக்கணக்கில் மாத்திரை. சளியில் கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகும் மாத்திரை நிற்கவில்லை. கடைசியில் சிடி ஸ்கேன் எடுத்தபோது நோய் எலும்புவரை போயிருந்தது. "பழக்கம் ஏதும் உண்டாம்மா?" என்று கேட்டார் டாக்டர். "வெத்தலைகூடப் போடமாட்டேன் சாமி" என்று, திருட்டுப் பட்டம் கட்டப்பட்டவளைப் போல அழுதாள். செத்த வீட்டுக்கு வந்தவர்களும் அதையேதான் கேட்டார்கள், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி.

நிறைவாக, தூய்மைப் பணியாளர்களுக்கு நன்றி. தெர்மாகோல் தட்டு, டீ கப், கிழிந்த ஃபிளெக்ஸ் எல்லாவற்றையும் குவித்து, மேலதிகாரி சொன்னபடி, பள்ளிச் சுவருக்குப் பின்னால் இப்போதே கொளுத்தத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளைகளே, தேசிய கீதம். இருமல் வருகிறவர்கள் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள், அசையாமல் நிற்க வேண்டும்.