சாப்பிட வராதவன் யார்?

எண்பதுகளில் மதுரைப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தவன் நான். நீங்கள் எந்த ஊர் விடுதியில் இருந்திருந்தாலும், நீல இன்லண்டு லெட்டர்களையும் மணியார்டர் தாள்களையும் சுமந்துகொண்டு தபால்காரர் வராந்தாவில் ஏறும் அந்த நேரம் உங்களுக்கும் நினைவிருக்கும். யாருக்கு வீட்டிலிருந்து கடிதம் வந்தது, யாருக்குப் பொங்கலுக்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கடிதம் வராமல் முகம் வாடி நிற்பவனின் தோளில் கைபோட்டு டீக்கடை பெஞ்சுக்கு இழுத்துப்போக எப்படியோ ஒருவன் வந்துவிடுவான்.

இவற்றைவிட எனக்கு அதிகம் நினைவில் நிற்பவர், சாம்பார் வாளியோடு பந்தியில் வரும் மெஸ் அண்ணன். எங்கள் மதிப்பெண்ணோ பாடமோ அவருக்குத் தெரியாது. யார் தட்டில் சோறு மீந்தது, யார் ராத்திரி வரவேயில்லை என்பது மட்டும் தெரியும். "தம்பி, ஒங்க ரூம்காரரு நேத்துல இருந்து சாப்பிட வரலையே, மேலுக்கு முடியலையா?" என்று ரசம் ஊற்றிக்கொண்டே கேட்பார். அந்தக் கேள்விக்குப் பிறகு அறைக்குத் திரும்பிக் கதவைத் தட்டாமல் இருக்க முடியாது.

அதற்காக அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது என்று ஒருவன் வாய்திறந்தால், "கீழ்ப்பாக்கத்துக்கு டிக்கெட் எடுக்கவா?" என்று சிரிக்க ஒரு கூட்டம் இருந்தது. பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு வந்து, ஆங்கிலப் பாடங்களில் அரியர் மேல் அரியராகச் சேர்த்துக்கொண்டு, ஒரு விடிகாலையில் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனவர்களைப் பற்றி 'படிப்பு ஏறல' என்ற இரண்டு சொற்களோடு பேச்சு முடிந்தது. பாடம் நடத்தும்போதே குரல் உடைந்து வெளியேறிய ஓர் ஆசிரியரையும் பார்த்திருக்கிறேன். அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும் கடமை அந்தக் கட்டடத்தில் யாருக்கும் இருக்கவில்லை.

இன்று காலம் நல்ல விதமாகவே திரும்பியிருக்கிறது. நாங்கள் கேலிக்குப் பயன்படுத்திய அதே கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தில்தான் 2022 டிசம்பரில் மாணவர்களுக்கான 'மனம்' திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. 14416 என்று அழுத்தினால் எந்த நேரத்திலும் தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள். ஆனால் அந்த 2022இல் மட்டும் நாட்டில் 13,000க்கும் அதிகமான மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிந்து வைத்திருக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்காகத் தங்கியிருந்து இறந்த 17 வயதுப் பெண்ணின் தந்தை தொடுத்த வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் இடத்தில் பயிற்சிபெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது எல்லாச் செய்தித்தாளிலும் வந்தது. எனக்கோ அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது, ஆசிரியர்களோடு ஆசிரியரல்லாத பணியாளர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறையாவது பயிற்சி தர வேண்டும் என்ற வரி. மெஸ் அண்ணனையும் வாட்ச்மேனையும் நூலக உதவியாளரையும் ஒரு நீதிமன்றம் கண்ணெடுத்துப் பார்த்திருக்கிறது!

ஆனால் அந்த அண்ணன் இருந்த இடத்தில் இப்போது பல விடுதிகளில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். ஒரு பையனின் முகம் பழகுவதற்குள் அவர்களை வேறிடத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். வாசலில் விரல் வைக்கும் கருவி, யார் எத்தனை வேளை சாப்பிடவில்லை என்று அண்ணனைவிடத் துல்லியமாகக் குறித்துக்கொள்கிறது. அந்தக் கணக்கு மாதக் கடைசியில் கட்டணப் பிரிவுக்குப் போகிறது. அன்றிரவே விடுதிக் காப்பாளரின் கைக்கு அது வர வேண்டும், அவர் போய்க் கதவைத் தட்ட வேண்டும். ஆலோசகரின் அறைக்கு நடந்துபோகத் தெம்பில்லாதவனை வேறு எப்படிக் கண்டுபிடிப்பது?

மாணவர்களின் மனநிலையைக் கவனிக்கச் சொல்லி ஆசிரியர்களைக் கேட்கிறோம், நல்லது. அந்த ஆசிரியர்களில் எத்தனையோ பேர் 11 மாதத் தொகுப்பூதியத்தில் ஓடும் கௌரவ விரிவுரையாளர்கள். மே மாதத்து வாடகைக்கு என்ன செய்வது என்ற கவலையோடு வகுப்புக்கு வருகிறவரிடம், எதிரே இருப்பவரின் கவலையைக் கேளுங்கள் என்கிறோம். ஒரு கல்லூரி முழுவதும் சேர்ந்து மனநலம் காப்பது என்றால் அந்தச் சம்பளமும், தேர்வு அட்டவணையும், வருகைப்பதிவு குறைந்தவனுக்குப் போகும் கடிதத்தின் வாசகமும் அதில் அடங்கும். வருகை குறைந்த காரணத்தை நேரில் கேட்ட பிறகுதான் அந்தக் கடிதம் போக வேண்டும். சம்பளத்துக்கு நிதி வேண்டும்தான்; ஆனால் கதவைத் தட்டவும் காரணத்தைக் கேட்கவும் புதுக் கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை. வருகிற கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.