கோழிக்கூள நிர்ணயம்

இந்நூல் நுதலிய பொருள் யாதோவெனின், கோழிக் கொட்டகையின் தரையில் எதை விரிப்பது என்பது. கேட்போர் யாவரெனின், பின்கட்டில் பத்துக் கோழி வைத்திருப்போரும், பல்லடம் பக்கம் ஐயாயிரம் குஞ்சு இறக்குவோரும் ஆவர். நாமக்கல் முட்டைக்கோழிகளுள் பெரும்பாலானவை கம்பிக் கூண்டில் நிற்பதால் இவ்வாராய்ச்சிக்குப் புறம்பானவை. கால் தரையில் படாதார்க்குக் கூளம் எதற்கு என்க.

பரபக்கம் கூறிய பின்னரே சுபக்கம் கூறுவது சித்தாந்திகள் மரபு. நாமும் அவ்வாறே பிறர் மதங்களை முதலில் ஒரு கை பார்ப்போம்.

உமிவாதி முதலில் எழுகிறான். நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. அரிசி ஆலைப் பக்கம் மலையாகக் குவிந்திருக்கிறது. எளிதில் கட்டி தட்டாது. ஆதலால் உமியே முடிந்த பொருள் என்பான். அற்றேல், அது ஈரத்தை உறிஞ்சுமோ எனின், பெரிதாக உறிஞ்சாது. சிலிக்கா மிகுந்த அதன் தோலில் நீர் நில்லாமல் நழுவித் தரைக்குப் போய்விடும். கடை மாணாக்கர்க்குப் பவணந்தியார் காட்டிய ஓட்டைக்குடத்தின் வகையறா இது.

அடுத்தவன் மஞ்சிவாதி, பொள்ளாச்சிக்காரன். தேங்காய் மஞ்சி தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைக் குடிக்கும். இங்கே வாதம் வலுவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐப்பசி மழையில் நனைந்து வந்த மஞ்சியை உலர்த்தாமல் கொட்டினால், குடிக்க வேண்டியதை அது வழியிலேயே குடித்து முடித்திருக்கும். உலர்ந்துவிட்டாலோ தூசி.

கடலைத்தொல்லிவாதியை நீண்ட நேரம் பேசவிட வேண்டியதில்லை. தொல்லியில் பூஞ்சை பிடித்திருந்தால் அது குஞ்சின் நுரையீரலில் குடியேறும். வாதம் அத்துடன் முடிந்தது.

மரத்தூள்வாதியின் இடர் வேறு. முதல் சில நாள் குஞ்சுக்குத் தீனிக்கும் தூளுக்கும் வேற்றுமை தெரியாது, இரண்டையும் கொத்தும். ஆகவே மேலே செய்தித்தாள் விரிப்பர். வழவழப்பான தாளானால் கால் வழுக்கி இருபுறமும் விரிந்துபோகும் என்பதால் சொரசொரப்பான தாளே உத்தமம். தலையங்கம், சினிமா, ராசிபலன் எல்லாவற்றின் மேலும் குஞ்சுகள் ஒரே கருத்தைப் பதிவு செய்கின்றன. இப்படி நடுநிலை தவறாத வாசகரை எந்த ஆசிரியர் கண்டார்?

இனிச் சுபக்கம். கூளத்தின் குலம் எதுவாயினும் ஆகுக. அதன் ஈரமே பொருள். நூறில் 20 முதல் 30 பங்குவரை ஈரம் இருக்கலாம். மிகின், எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் சிதைத்து அம்மோனியா ஆக்கும். சூட்டோடு ஈரம் சேர, காக்சிடியாவின் முட்டைகள் ஓரிரு நாளில் பக்குவமடைந்து இரத்தக் கழிச்சலைக் கொண்டுவரும்.

ஈரத்தை அறிவது எங்ஙனம் எனின், மூன்று பிரமாணங்கள் உள.

பிரத்தியட்சம்: ஒரு கைப்பிடி அள்ளி இறுகப் பிடித்துக் கையை விரிக்க வேண்டும். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். பிடிபடாமல் பொடியாய்ச் சிதறினால் உலர்வு அதிகம். லேசாகக் கூடிப் பின் மெல்ல உதிர்ந்தால் சரி.

அனுமானம்: புகை கண்டு தீ உண்டெனத் தெளிவதுபோல், கண் எரியக் கண்டு அம்மோனியா உண்டெனத் தெளிக. இதில் ஒரு நுட்பம் உண்டு. கொட்டகைக்குள் தினமும் போய்வருபவரின் மூக்கு பழகிப்போய்விடுவதால் அதன் சாட்சியம் செல்லாது. விருந்தாளியின் மூக்கே பிரமாணம். அதுவும் நின்றபடி மோந்தால் போதாது. கோழியின் மூக்கு இருக்கும் உயரத்துக்குக் குனிய வேண்டும். விருந்தாளி சம்மதிப்பாரா என்பது தனி ஆராய்ச்சி.

ஆகமம்: அனுபவஸ்தர் வாக்கு. எது சிறந்தது என்று பல்லடத்துப் பண்ணைக்காரர் ஒருவரிடம் கேட்டேன். “ஏனுங்க சார், உமியப் போட்டாலும் மஞ்சியப் போட்டாலும், நிப்பிள் ஒழுகுச்சுன்னா அத்தனையும் களிதானுங்க” என்றார். மூன்று பக்கத்தில் நான் எழுதி வைத்திருந்த பூர்வபட்சம் தண்ணீர்க் குழாயடியில் நனைந்தது.

ஆனால் உலர்த்தும் தொழிலில் கோழிக்குள்ள பங்கை உரையாசிரியர்கள் மறந்தனர். அது நாள் முழுக்கக் கிளறுகிறது. அதன் கால் போகாத மூலைகளிலும் தண்ணீர்க் குழாயடியிலும் மட்டும் நாம் முள்கரண்டியும் சுண்ணாம்புத் தூளுமாகப் போனால் போதும். பழைய கூளம் முழுதும் தீது என்றும் சொல்வதற்கில்லை. 1940களில் அமெரிக்காவின் ஓஹையோவில் கென்னார்டு, சேம்பர்லின் என்னும் இருவர், நெடுநாள் மாற்றாமல் விட்ட கூளத்தில் கோழிகள் நன்கு தேறுவதைக் கண்டனர். அதில் நுண்ணுயிர்கள் ஆக்கும் சத்துகளுள் ஒன்று பி12 உயிர்ச்சத்து. 1948இல் அது தனியே பிரித்தெடுக்கப்பட்டது. கோழியோ பெயர் தெரியாமலேயே அதைக் கொத்தித் தின்றுகொண்டிருந்தது.

எஞ்சி நிற்பது எருவுக்கு விற்கும் படலம். கோழி ஏற்றிய மறுநாள் மஞ்சள் காட்டுக்காரர் வண்டியோடு வருவார். உமியா மஞ்சியா என்று கேட்பதற்கு முன், கூளத்தில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, நம் பிரத்தியட்சப் பிரமாணத்தை அப்படியே செய்து பார்ப்பார். எடைக் கணக்கில் வாங்குபவர் தண்ணீருக்கா காசு கொடுப்பார்? ஆண்டு முழுதும் உலர்வே சித்தாந்தம் என்றிருந்த பண்ணைக்காரர், அந்த ஒரு நாள் மட்டும் ஈரவாதி.