படி இறங்கும் முழங்கால்

திருத்தணி மலைக்கு 365 படி. ஏறும்போது வராத முழங்கால் வலி, இறங்கும்போது வருகிறதே... முருகன் சோதிக்கிறாரா?
(ஒரு நெசவாளர், அம்மையார்குப்பம்)

ஏறும்போது 'அரோகரா', இறங்கும்போது 'ஐயோ அம்மா'. முருகன் மேல் ஏன் பழி? சோதிப்பது உங்கள் எடை. படி இறங்கும் முழங்கால், உடல் எடையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் தாங்குகிறது. அதில் பெரும்பங்கு, எலும்புகளுக்கு நடுவே பிறை வடிவில் இருக்கும் மெனிஸ்கஸ் என்ற இரண்டு குருத்தெலும்புகளின் தலையில்.

அது கிழிந்தால் ஒட்டாதா? அறுந்த இழையை நாங்கள் தறியிலேயே முடிந்துவிடுகிறோமே!

உங்களுக்கு நூல் இருக்கிறது. அதற்கு ரத்தம் வேண்டாமா? ரத்தக் குழாய் வெளி ஓரத்தில் மட்டும்தான். உள்பக்கம் மூட்டு நீரை நம்பிப் பிழைக்கிறது. வயதாக ஆக நார் நைந்து, குத்தவைத்து எழுந்தாலே கிழியும். 1887-ல் பிளாண்ட் சட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் மெனிஸ்கஸை உதவாத மிச்சம் என்றார். அதனால் டாக்டர்கள் வெட்டி எடுத்தார்கள். எடுத்த முழங்கால் எப்படித் தேய்கிறது என்பதை 1948-ல் ஃபேர்பேங்க் என்ற மருத்துவர் எக்ஸ்ரேயில் காட்டினார்.

எம்.ஆர்.ஐ.யில் கிழிசல் என்கிறார்களே, ஆபரேஷன் செய்துகொள்ளட்டுமா?

வலி உங்களுக்கா, படத்துக்கா? 2008-ல் வந்த அமெரிக்க ஆய்வில், கிழிசல் இருந்த, 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 61 சதவீதம் பேருக்கு வலியே இல்லை. 2013-ல் பின்லாந்தில், தேய்ந்து கிழிந்ததை வெட்டியவர்களுக்கும், வெட்டுவதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் ஓராண்டில் ஒரே பலன்.

முதலில் தொடைத் தசைக்குப் பயிற்சி. முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாவிட்டால், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.