வெள்ளைச்சாமி மஞ்சளான கதை

எங்கள் வீட்டுச் சாக்கடைக் குழாயில் ஒரு குறையும் இல்லை. அதைச் சொல்ல வந்த பிளம்பருக்குக் கொடுத்த கூலியில் லீட்ஸ் நகரில் ஒரு வாரத்து மளிகை வாங்கியிருக்கலாம். மனிதர் குளியலறைத் தரையைத் தட்டிப் பார்த்தார், மூடிகளைத் திறந்து முகர்ந்தார், குழாய்க்குள் கேமரா விட்டார். கடைசியில் ஹால் மூலையிலிருந்த கூண்டின் பக்கம் மூக்கைத் திருப்பினார். உள்ளே துணித் தொட்டிலில் வெள்ளைச்சாமி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

“ஆணா?”

“ஆமாம்.”

“ஆபரேஷன் ஆச்சா?”

“இல்லை.”

டூல் பெட்டியை மூடிவிட்டார்.

வெள்ளைச்சாமி ஒரு ஃபெரட். பார்த்தால் கீரி என்பீர்கள். கீரிக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. போல்கேட் என்ற ஐரோப்பியக் காட்டுப் பிராணியைப் பழக்கி, முயல் வளைக்குள் விட்டு முயலை வெளியே விரட்டுவதற்கென்று வளர்த்த இனம். நாங்கள் இருக்கும் யார்க்‌ஷயரில் இதற்குத் தனி மரியாதை. கால்சட்டைக்குள் ஃபெரட்டை விட்டு, கணுக்காலையும் இடுப்பையும் இறுகக் கட்டிக்கொண்டு யார் அதிக நேரம் தாங்குகிறார்கள் என்று போட்டியே நடத்தியிருக்கிறார்கள். 1981இல் ரெஜ் மெல்லர் என்பவர் 5 மணி 26 நிமிடம் நின்றார். நான் அந்த ரக வீரன் இல்லை. மகள் கேட்டாள், வாங்கினேன். “கொஞ்சம் வாடை இருக்கும், பழகிவிடும்” என்றார் விற்றவர். நான் இரண்டாவது பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

பழகத்தான் செய்தது, எனக்கு மட்டும். மூக்கு ஒரே வாடையில் கிடந்தால் கொஞ்ச நேரத்தில் அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். அதனால் எங்கள் வீட்டு நிலவரம் எனக்கு மற்றவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரியவந்தது. மகளின் தோழி ஒருத்தி வாசலிலேயே ஸ்வெட்டரை மூக்கு வரை இழுத்துக்கொண்ட அன்று, ஏதாவது செய்தாக வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

நாற்றத்துக்கு நமக்குத் தெரிந்த முதல் வைத்தியம் குளியல். குழந்தை ஷாம்பு போட்டு ஞாயிறுதோறும் தலைமுழுக்கு. அன்று மணப்பான், மறுநாள் முன்பைவிட மோசம். சரி, ஷாம்பு போதவில்லை போலிருக்கிறது என்று புதன்கிழமையும் சேர்த்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர், முயல் பிடிக்க ஃபெரட் வளர்த்தவர், வேலிக்கு அந்தப்புறமிருந்து பார்த்துச் சிரித்தார். “நீ கழுவக் கழுவ அவன் சுரப்பான், லவ்.” (இந்த ஊரில் ஆம்பிளையையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) விஷயம் இவ்வளவுதான்: வாடை வருவது தோலில் ஊறும் எண்ணெயிலிருந்து. சோப்புப் போட்டு அதை வழித்தெடுத்தால், தோல் பற்றாக்குறை என்று நினைத்து இன்னும் அதிகமாகச் சுரக்கும். நாற்றத்தைப் போக்குகிறேன் என்று இத்தனை நாள் உற்பத்தியைப் பெருக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்து, படித்தவன் என்ற திமிர். அமெரிக்காவில் ஃபெரட் குட்டிகளுக்கு ஆசனவாய்ச் சுரப்பியை எடுத்துவிட்டுத்தான் பெரும்பாலும் கடைக்கு அனுப்புகிறார்கள் என்று எங்கோ படித்துவிட்டு, கால்நடை மருத்துவரிடம் போய் அதையே செய்யச் சொன்னேன். அந்தம்மா பொறுமையாகக் கேட்டார். அந்தச் சுரப்பி பயந்தால்தான் பீய்ச்சும், பீய்ச்சினாலும் சில நிமிடத்தில் கலைந்துவிடும். தினசரி வாடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வாடைக்காக மட்டும் அதை எடுப்பது பிரிட்டனில் வழக்கமில்லை என்றார். அவர் சொன்னதை வெள்ளைச்சாமி அந்த வாரமே நிரூபித்தான். ஊரிலிருந்து தூக்கிவந்த மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி போட்டதுதான் தாமதம், வால் ரோமமெல்லாம் சிலிர்த்து பாட்டில் கழுவும் பிரஷ் ஆகிவிட்டது. ஒரு துள்ளு பின்னால் துள்ளினான், அவ்வளவுதான். மருத்துவர் சொன்னபடியே வாடை சில நிமிடத்தில் கலைந்தது. சட்னியை யாரும் தொடவில்லை.

சாம்பிராணியும் போட்டேன். முதலில் ஸ்மோக் அலாரம் அலறியது, பிறகு வெள்ளைச்சாமி இருமினான், பிறகு மருத்துவர் என்னைத் திட்டினார். சின்ன நுரையீரல், புகை ஆகாது. புகைக்குப் பதிலாக பிளக்கில் செருகும் மல்லிகை வாசனை வாங்கி வந்தேன். மல்லிகையும் ஃபெரட்டும் கலந்த காற்றைச் சுவாசித்த பிறகு, வெறும் ஃபெரட் எவ்வளவோ தேவலை என்று வீட்டில் தீர்மானமாயிற்று. எங்கள் வீடு மணக்கவே மணக்காமல் இருந்தது எனக்கு ஃப்ளூ வந்த வாரம் ஒன்றுதான். அதை அவனுக்கும் ஒட்டவைத்துவிட்டேன். மனிதனின் ஃப்ளூ ஃபெரட்டுக்கும் தொற்றும். 1933இல் லண்டன் விஞ்ஞானிகள் அந்த வைரஸை அடையாளம் கண்டதே ஃபெரட்டுகளை வைத்துத்தான்.

வசந்தம் வந்தபோதுதான் உச்சக்கட்டம். வெள்ளைச்சாமி மஞ்சளானான். தலையைத் தடவினால் கையில் பிசுக்கு. அடுப்படியில் மஞ்சள்தூள் டப்பாவில் விழுந்திருப்பான் என்று மனைவியைக் கேட்டேன். “ஏங்க, டப்பா மூடியிருக்கு, கண்ணைத் திறந்து பாருங்க” என்றாள். மகள் விளையாட்டாகப் பூசியிருப்பாளோ என்று அவளையும் விசாரித்தேன். அவள் அழுதுவிட்டாள். பிளம்பரைக் கூப்பிட்டது இந்தக் கட்டத்தில்தான்.

காரணம் சூரியன். பகல் நீள நீள ஆண் ஃபெரட்டுக்குப் பருவம் வந்துவிடும். எண்ணெய் பெருகி வெள்ளை ரோமத்தையே மஞ்சளாக்கும், வாடையும் பலமடங்காகும். அறுவை செய்யலாம், அல்லது தோலுக்கடியில் ஹார்மோன் குச்சி வைக்கலாம். அறுவை செய்தவற்றுக்குப் பின்னாளில் அட்ரினல் சுரப்பி நோய் வரும் வாய்ப்பு இருப்பதால், குச்சியே மேல் என்றார் மருத்துவர். இதை அவர் முதல் தடவையே சொல்லியிருந்தார். ஓர் ஆணுக்கு இன்னோர் ஆண் செய்கிற காரியமா என்று நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் குச்சி வைத்த சில வாரங்களில் மஞ்சள் வெளுத்தது, வாடை பாதிக்கும் கீழே இறங்கியது.

மிச்சம் இருந்தது துணியில். படுக்கும் தொட்டில், போர்வை எல்லாவற்றையும் வாசனையில்லாத சோப்புத்தூளில் அடிக்கடி துவைப்பது. மூலையில் பின்பக்கமாக நகர்ந்துபோய் உட்காரும் இடத்தைத் தினமும் அள்ளுவது. பெரியவர் முதல் நாளே சொன்ன வேலைகள் இவை. சோம்பேறித்தனத்தை மறைக்க எவ்வளவு விஞ்ஞானம் படித்திருக்கிறேன் பாருங்கள்.

துவைத்தும் அள்ளியும் ஒரு மெல்லிய நாற்றம் மட்டும் போகவில்லை. சோபாவை நகர்த்திப் பார்த்தோம். ஃபெரட்டுக்குத் திருடி ஒளிக்கிற குணம் உண்டு. மகளின் ஒற்றைச் சாக்ஸ்கள், தொலைந்துபோன கார் சாவி, அதற்கடியில் நான் ஆசையாகக் கொடுத்த நெத்திலிக் கருவாடு, பாதிக்கு மேல் அப்படியே. அவனுக்கு மீனைவிடக் கோழி நல்லது, மீன் தின்றால் கழிவு இன்னும் நாறும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். “ஊர்ப் பாசத்தை ஏங்க அதுகிட்ட காட்டுனீங்க?” என்றாள் மனைவி.

சென்ற மாதம் வாடகை வீட்டைச் சோதிக்க ஏஜென்ட் வந்தார். ஃபெரட் வளர்க்க அனுமதி வாங்கியிருக்கிறேன், பயமில்லை. ஆனாலும் அவர் ஹாலில் நின்று இரண்டு முறை மூச்சை இழுத்தபோது வயிறு கலங்கியது. “இந்தியச் சமையலா?” என்றார். ரசம் என்றேன். சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று என் மனைவி ரசம் வைக்கவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.