பாட்டு மூன்று நிமிடம், பஞ்சாயத்து வருடம் முழுக்க

இரண்டாம் உலகப் போர் முடிந்து பத்து வருடம்தான் ஆகியிருந்தது. எந்த ஊரில் யார் குண்டு போட்டார்கள் என்ற கணக்கு ஐரோப்பாவில் எல்லோருக்கும் மனப்பாடம். இந்த லட்சணத்தில் 1955-ல் மொனாக்கோவில் கூடிய தொலைக்காட்சி அதிகாரிகளுக்கு ஒரு யோசனை உதித்தது. நாடுகளுக்குள் பாட்டுப் போட்டி வைப்போம், யார் பாட்டு உசத்தி என்று பக்கத்து நாட்டுக்காரனையே மார்க் போடச் சொல்வோம், ஒற்றுமை தானாக வளரும்!

யோசனையின் சொந்தக்காரர் மார்செல் பெசன்சோன். சுவிட்சர்லாந்துக்காரர். அந்தப் போரில் யாரோடும் சண்டை போடாத நாட்டில் பிறந்தவருக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் நிகழ்ச்சிக் குழுவுக்கு அவர் தலைவர். நாடு விட்டு நாடு நேரடியாகப் படம் அனுப்பும் வித்தையை எஞ்சினியர்கள் அப்போதுதான் கற்றிருந்தார்கள். 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவைக் காட்டியாயிற்று. 1954-ல் உலகக் கோப்பைக் கால்பந்தைக் காட்டியாயிற்று. ராணிக்கு வருடா வருடம் முடிசூட்ட முடியாது. உலகக் கோப்பையோ நாலு வருடத்துக்கு ஒருமுறைதான். இத்தனை செலவு செய்து நட்ட கோபுரங்கள் சும்மா நிற்கின்றனவே என்று கவலைப்பட்டவர்கள், இத்தாலியில் 1951 முதல் நடந்துவந்த சான்ரெமோ பாட்டு விழாவைப் பார்த்தார்கள். அதையே ஐரோப்பா அளவுக்குப் பெரிதாக்கி, யூரோவிஷன் என்று பெயர் ஒட்டினார்கள்.

இந்தப் போட்டியின் சரித்திரத்தைப் பாட்டுகளை வைத்து எழுதுவது வீண்வேலை. பாதிப் பாட்டுகள் பாடியவர்களுக்கே நினைவிருக்காது. விதிமுறைகளை வைத்து எழுதினால்தான் சுவாரசியம். ஏனென்றால் முதல் பதினாலு வருடங்களில் போட்ட முக்கியமான விதிகளுக்கெல்லாம் பின்னால் யாரோ ஒருவர் அடித்த கூத்து இருக்கிறது. முதலில் மானம் போகும், அடுத்த வருடம் சட்டம் வரும். அதிகாரிகள் ஒரு தடவைகூட முன்கூட்டியே யோசித்ததாகத் தெரியவில்லை.

1956 மே 24. சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரம். ஏழு நாடுகள், ஆளுக்கு இரண்டு பாட்டு. வீட்டில் டிவி வைத்திருந்தவர்கள் சொற்பம் என்பதால் பெரும்பாலோர் வானொலியில்தான் கேட்டார்கள். பெல்ஜியத்திலிருந்து வந்த ஃபுட் லெக்லர்க், பாரிஸின் சேன் நதியில் மூழ்கிச் செத்தவர்களைப் பற்றி ஒரு பாட்டைப் பாடினார். ஒற்றுமைத் திருவிழாவுக்கு ஏற்ற மங்களகரமான ஆரம்பம். (இந்த மனிதர் விடவில்லை. நாலு தடவை வந்து பாடினார். நாலாவது தடவை, 1962-ல், அவருக்குக் கிடைத்தது சுழி.)

ஓட்டுப் போட்ட விதம்தான் அபாரம். ஒரு நாட்டுக்கு இரண்டு நடுவர். ரகசிய வாக்கெடுப்பு. தன் நாட்டுப் பாட்டுக்கே ஓட்டுப் போட்டுக்கொள்ளலாம், தடையில்லை. லக்சம்பர்க் நடுவர்களையே அனுப்பவில்லை. 'எங்கள் ஓட்டையும் நீங்களே போட்டுவிடுங்கள்' என்று சுவிட்சர்லாந்துக்காரர்களிடம் விட்டுவிட்டது. முடிவில் மேடையேறிப் பெயரை மட்டும் படித்தார்கள்: சுவிட்சர்லாந்து, பாடகி லிஸ் ஆசியா, பாட்டு 'ரெஃப்ரான்'. இரண்டாவது யார், மூன்றாவது யார், யாருக்கு எத்தனை என்று கேட்டால் பதில் கிடையாது. அன்றைய மதிப்பெண் பட்டியல் இன்றுவரை வெளியாகவில்லை. நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. போட்டி நடந்தது சுவிட்சர்லாந்தில், லக்சம்பர்க்கின் ஓட்டையும் போட்டது சுவிட்சர்லாந்து, ஜெயித்தது சுவிட்சர்லாந்து. கணக்கை ரகசியமாக வைத்துக்கொள்வதில் அந்த நாட்டுக்கு உள்ள பெயர் உங்களுக்கே தெரியும்.

அடுத்த வருடமே இரண்டு விதிகள் வந்தன. சொந்த நாட்டுக்கு ஓட்டுப் போடக்கூடாது. நடுவர்கள் அவரவர் ஊரில் உட்கார்ந்து, தொலைபேசியில், எல்லோர் காதிலும் விழும்படி மதிப்பெண் சொல்ல வேண்டும். ஐரோப்பா ஒருவரையொருவர் நேரடி ஒளிபரப்பில் அவமானப்படுத்திக்கொள்ளும் வசதி இப்படித்தான் பிறந்தது. இதில் உள்ள கிக் பாட்டில் இல்லை என்பதை ரசிகர்கள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள்.

1957-ல் ஃபிராங்ஃபர்ட். டென்மார்க் சார்பில் பிர்தே வில்கேயும் குஸ்தாவ் விங்க்ளரும் ஜோடியாக வந்தார்கள். கப்பல் கிளம்பப் போகிறது, காதலர்கள் பிரிய வேண்டும், பாட்டு முடியும்போது ஒரு முத்தம். சைகை காட்டியதும் விலகிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. சைகை காட்ட வேண்டிய ஊழியர் மறந்துவிட்டார். கலைஞர்கள் கட்டுப்பாடானவர்கள், உத்தரவு வராமல் எப்படி நிறுத்துவது? பத்து விநாடிக்கு மேல் முத்தம் நீண்டது. மாதா கோவிலுக்குப் போய்வந்து குடும்பத்தோடு உட்கார்ந்திருந்த 1957-ஆம் வருடத்து ஐரோப்பாவுக்கு அது ஒரு முழுநீளப் படம். டென்மார்க்குக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. முத்தத்துக்கு விதி எதுவும் போடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

விதி போட்டது கடிகாரத்துக்கு. பாட்டு மூன்றரை நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். இத்தாலியின் நுன்சியோ கல்லோ சாவகாசமாக 5 நிமிடம் 9 விநாடி பாடிவிட்டு இறங்கினார். முதன்முதலாகக் கலந்துகொண்ட பிரிட்டனின் பட்ரீசியா பிரெடின் 2 நிமிடத்துக்குள் முடித்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு தேசங்களின் குணத்தையும் இதைவிடச் சுருக்கமாக எந்தச் சரித்திரப் பேராசிரியரும் சொன்னதில்லை. அதன்பிறகு வந்ததுதான் மூன்று நிமிடச் சட்டம். இன்றும் அதுதான் அமலில் இருக்கிறது.

அந்த வருடம் ஜெயித்தவர் நெதர்லாந்தின் கோரி பிரோக்கன். அடுத்த வருடம், சொந்த நாட்டு ஹில்வர்சமில், சொந்த மண்ணின் ஜனங்கள் முன்னால் பாடினார். கிடைத்தது ஒரே ஒரு புள்ளி. கடைசி இடம், லக்சம்பர்க்கோடு பங்கு போட்டுக்கொண்டு. முதலிடம், கடைசி இடம் இரண்டையும் பார்த்த பாடகர் இந்தப் போட்டியின் சரித்திரத்தில் அவர் ஒருவர்தான். பிற்பாடு அவர் சட்டம் படித்து, வக்கீலாகி, நீதிபதியாகவே ஆகிவிட்டார். தீர்ப்பு என்பது எப்படியெல்லாம் இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

அதே 1958 மேடையில்தான் யூரோவிஷனின் மகத்தான ரசனைச் சாதனையும் நிகழ்ந்தது. இத்தாலியின் டொமேனிகோ மொடுன்யோ முதல் ஆளாக மேடையேறினார். முகத்திலும் கையிலும் நீலச் சாயம் பூசிக்கொண்டு வானத்தில் பறப்பதாகக் கனவு காணும் ஒருவனின் பாட்டு. சில நாடுகளுக்கு ஒளிபரப்பு சரியாகப் போய்ச் சேரவில்லை என்று, எல்லோரும் பாடி முடித்தபின் அவரை மறுபடி கூப்பிட்டுப் பாடச் சொன்னார்கள். ஆக நடுவர்கள் அந்தப் பாட்டை இரண்டு தடவை கேட்டார்கள். கேட்டும் மூன்றாம் இடம்தான் கொடுத்தார்கள். முதல் பரிசு, பிரான்சின் ஆந்த்ரே கிளாவோ பாடிய, தூங்கு என் அன்பே என்ற தாலாட்டுக்கு. நடுவர்கள் தூங்கிவிட்டார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை. மூன்றாம் இடம் வந்த பாட்டைத்தான் உலகம் 'வொலாரே' என்று அழைக்கிறது. அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1959-ல் கிராமி விருதுகளை முதன்முதலாகக் கொடுத்தபோது ஆண்டின் சிறந்த பாடல், சிறந்த இசைத்தட்டு இரண்டையும் அள்ளியது. மொடுன்யோ 1959-லும் வந்தார், ஆறாம் இடம். 1966-ல் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை சுழி. மனிதர் தேயத் தேய அவர் புகழ் வளர்ந்தது.

1959-ல் நெதர்லாந்து மறுபடி ஜெயித்தது. ஜெயித்தவர்தான் அடுத்த வருடம் நடத்த வேண்டும் என்ற வழக்கத்தின் செலவு அப்போதுதான் உறைத்தது. 'போன வருடம்தானே நடத்தினோம், ஆளை விடுங்கள்' என்று ஒதுங்கிவிட்டார்கள். இரண்டாம் இடம் வந்த பிரிட்டன் தலையில் 1960 விழுந்தது. அதே 1959-ல் மொனாக்கோவுக்காகப் பாடிக் கடைசி இடம் வந்தவர் ஜாக் பில்ஸ். அடுத்த வருடம் பிரான்சுக்காகப் பாடி முதல் பரிசு வாங்கியவர் ஜாக்லின் போயர், அவர் மகள். அப்பாவின் ஒரு புள்ளியைப் பற்றி வீட்டில் சாப்பாட்டு மேஜையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாராவது பதிவு செய்திருக்கலாம்.

1962-ல் லக்சம்பர்க்கில், நெதர்லாந்து ஜோடி பாடிக்கொண்டிருக்கும்போது மேடை விளக்கு போய்விட்டது. இருட்டில் பாடினார்கள். மதிப்பெண் வந்தபோது அவர்களுக்குச் சுழி. பெல்ஜியம், ஆஸ்திரியா, ஸ்பெயினுக்கும் சுழி. விளக்கு எரிந்தவர்களுக்கும் அதே கதி என்பதால் மின்சாரத்தைக் குறை சொல்ல வழியில்லை.

இனி 1963, லண்டன். பிபிசி புதுமை செய்கிறேன் பேர்வழி என்று பாடகர்களை ஒரு ஸ்டூடியோவிலும், பார்வையாளர்களையும் தொகுப்பாளினி கேட்டி பாயலையும் இன்னொரு ஸ்டூடியோவிலும் வைத்தது. பாடகர் கையில் மைக் இல்லை. கண்ணுக்குப் படாமல் தலைக்கு மேலே தொங்கியது. எல்லாமே முன்கூட்டிப் பதிவு செய்த பித்தலாட்டம் என்று ஊர் கிசுகிசுத்தது. உண்மையான கூத்து தொலைபேசியில் நடந்தது.

நார்வேயை அழைத்தார்கள். அறிவிப்பாளர் மதிப்பெண்களைப் படிக்க ஆரம்பித்தார்; முறைப்படி படிக்கவில்லை. பாட்டின் எண்ணைச் சொல்லி, பிறகு நாட்டின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. கேட்டி பாயல் மரியாதையாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார். 'அப்புறம் கூப்பிடுங்கள்' என்று பதில் வந்தது. உள்விஷயம் என்னவென்றால், நார்வே நடுவர்களின் கணக்கு அப்போது முடிந்திருக்கவே இல்லை. மற்ற நாடுகள் எல்லாம் சொல்லி முடித்தபின் மறுபடி கூப்பிட்டார்கள். முதல் தடவை சுவிட்சர்லாந்துக்கு 3, டென்மார்க்குக்கு 2 என்று இருந்தது, இப்போது டென்மார்க்குக்கு 4, சுவிட்சர்லாந்துக்கு 1 என்று மாறியிருந்தது. இறுதிக் கணக்கு: டென்மார்க் 42, சுவிட்சர்லாந்து 40. பழைய எண்களையே வைத்திருந்தால் அப்படியே தலைகீழ். டென்மார்க், நார்வேக்குப் பக்கத்து வீடு. கோடிக்கணக்கான கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அண்டை நாட்டு விசுவாசத்தை இவ்வளவு வெளிப்படையாக யாரும் அதற்கு முன் காட்டியதில்லை என்று பலரும் பேசினார்கள். நார்வேக்காரர்களோ, வெறும் கூட்டல் தாமதம் என்று சாதித்தார்கள். நார்வேயின் சொந்தப் பாட்டுக்கு அன்று சுழி என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். தனக்கு எதுவும் தேறவில்லை என்றாலும் பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பரிசு கிடைக்கச் செய்த அந்தப் பெருந்தன்மையைப் பார்த்து மார்செல் பெசன்சோன் மகிழ்ந்திருக்க வேண்டும். ஒற்றுமைதானே கேட்டார்?

1964-ல் கோபன்ஹேகன். ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவையும் போர்ச்சுகலின் சர்வாதிகாரி சலாசாரையும் புறக்கணியுங்கள் என்ற பதாகையோடு ஒருவர் மேடையேறி நின்றார். தள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு 16 வயது ஜிலியோலா சின்க்வெத்தி, காதலிக்க எனக்கு இன்னும் வயசாகவில்லை என்று இத்தாலிய மொழியில் பாடி 49 புள்ளி வாங்கினார். இரண்டாம் இடத்துக்கு 17. மறு வருடம் சுவீடன், தன் மொழியை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் பாடியது. பாடியவர் ஓபரா பாடகர் இங்வார் விக்செல். 1966-ல் விதி தயார்: அவரவர் நாட்டு மொழியில்தான் பாட வேண்டும். 1967-ல் வியன்னாவில் தொகுப்பாளினி எரிகா வால் உற்சாகத்தில், அயர்லாந்து இன்னும் ஓட்டே போடாத நிலையில், பிரிட்டன் ஜெயித்துவிட்டது என்று அறிவித்துவிட்டார். நல்லவேளை, பிரிட்டன்தான் ஜெயித்தது. வெறுங்காலோடு பாடிய சாண்டி ஷா, தனக்கு அந்தப் பாட்டே பிடிக்காது என்று பிற்பாடு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிராங்கோ அரசுக்கும் பாட்டு பிடிக்கும், தனக்குப் புரிந்த மொழியில் இருந்தால். 1968-ல் ஸ்பெயினுக்காகப் பாட வேண்டிய ஜோவான் மனுவேல் செர்ராட், கத்தலான் மொழியில்தான் பாடுவேன் என்றார். கூடாது என்றது அரசு. கடைசி நேரத்தில் மாசியெல் என்ற பாடகியைக் கூப்பிட்டு, அதே பாட்டை ஸ்பானிஷில் பாட வைத்தார்கள். பாட்டின் பெயர் 'லா லா லா'. உள்ளே அந்த 'லா' 138 தடவை வருகிறது. கத்தலானிலும் ஸ்பானிஷிலும் 'லா' ஒன்றுதான் என்பதை ஆட்சியாளர்களிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலும். எதிர்த்து நின்றவர் லக்னோவில் பிறந்த கிளிஃப் ரிச்சர்ட். ஓட்டு எண்ணும்போது பதற்றம் தாங்காமல் கழிவறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார் என்பார்கள். வெளியே வந்தபோது ஸ்பெயின் 29, பிரிட்டன் 28.

ஆகவே 1969 பிராங்கோவின் மாட்ரிடில். விளம்பரத்துக்குப் படம் வரைந்து கொடுத்தவர் சால்வடோர் டாலி. பிராங்கோ ஊருக்கு வரமாட்டோம் என்று ஆஸ்திரியா வீட்டிலேயே இருந்துவிட்டது. மற்ற 16 நாடுகளும் பாடின, ஓட்டு எண்ணினார்கள், ஸ்பெயின் 18, பிரிட்டன் 18, நெதர்லாந்து 18, பிரான்ஸ் 18. தொகுப்பாளினி லௌரிதா வலென்சுவேலா மேற்பார்வையாளரைப் பார்த்தார். இப்போது என்ன செய்வது? சமன் வந்தால் என்ன செய்வது என்று விதியில் ஒரு வரி கிடையாது. 13 வருடம் முத்தத்தையும் மொழியையும் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது தோன்றவே இல்லை. நாலு பேருமே ஜெயித்தார்கள் என்று தீர்ப்பு. நாலு பேரும் வரிசையாக வந்து தங்கள் பாட்டை மறுபடி பாடினார்கள். பார்வையாளர்கள் அதையும் தாங்கிக்கொண்டார்கள். மறு வருடம் சுவீடன், நார்வே, பின்லாந்து, போர்ச்சுகல் நாலும் வரவில்லை. எஞ்சியது 12 நாடுகள். எந்த ஊரில் நடத்துவது என்பதற்கே சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆம்ஸ்டர்டாமுக்குப் போனார்கள்.

வழக்கம்போல் சட்டம் வந்தது. சமன் வந்தால், சமனானவர்கள் மறுபடி பாட வேண்டும், நடுவர்கள் கையைத் தூக்கி முடிவு சொல்ல வேண்டும். சட்டம் தயாராகக் காத்திருந்தது. 1970-ல் சமன் வரவில்லை. 1971-லும் வரவில்லை. சட்டத்தையே வேறு மாதிரி திருத்தினார்கள், அப்போதும் வரவில்லை. 1991-ல் ஒரு வழியாக வந்தது: சுவீடன் 146, பிரான்ஸ் 146. அதிகபட்ச மதிப்பெண்ணான 12-ஐ எத்தனை தடவை வாங்கினார்கள் என்று எண்ணினார்கள், அதிலும் சமன். 10-ஐ எண்ணினார்கள், சுவீடனுக்குக் கூடுதல். மாட்ரிடில் சட்டம் இல்லாத புண்ணியத்தில் கால் பங்கு வெற்றி வாங்கிய பிரான்ஸ், சட்டம் இருந்ததால் இரண்டாம் இடத்தோடு ஊருக்குத் திரும்பியது.