வேர்க்காயும் ஈயமும்: கேள்வி-பதில்

கே: முள்ளங்கியில் ஈயம் இருக்கிறதாமே, சாப்பிடுவதை நிறுத்திவிடலாமா? (கோவை வாசகி)
ப: முள்ளங்கியை விடாதீர்கள், அதில் ஒட்டிய மண்ணை விடுங்கள். ஈயம் மண் துகளோடு இறுகப் பிணைந்திருக்கும். வேருக்குள் கொஞ்சம்தான் ஏறும். நன்றாகத் தேய்த்துக் கழுவித் தோலைச் சீவுங்கள்.

கே: சீவினால் கேரட்டில் எல்லாம் போய்விடுமா? (மதுரை வாசகர்)
ப: எல்லாம் போகாது. கேரட்டின் நடுப்பகுதியில் நீரை மேலே ஏற்றும் குழாய்கள் உள்ளன. ஏறிய ஈயத்தில் ஒரு பங்கு அங்கேயே தங்கிவிடும்.

கே: வேகவைத்தால்?
ப: கிருமி சாகும். ஆனால் ஈயமும், அதைப் போலவே மண்ணில் சேரும் நச்சு உலோகமான காட்மியமும் தனிமங்கள். எந்தக் கொதிநிலையிலும் அவை சிதையாது.

கே: காட்மியம் எப்படிப்பட்டது?
ப: ஈயத்தைவிடச் சுலபமாகச் செடிக்குள் ஏறும், முள்ளங்கியில் கிழங்கைவிடக் கீரையில் கூடுதலாகச் சேர்வதும் உண்டு. நம் சிறுநீரகத்துக்கு வந்துவிட்டால், அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும்.

கே: மண் கெட்டால் விளைச்சலும் கெட்டேதான் தீருமா? (தஞ்சை வாசகர்)
ப: மண்ணின் குணத்தைப் பொறுத்தது. ஜப்பானின் ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் காட்மியம் நெல்வயலில் சேர்ந்தது. எலும்பை நொறுக்கும் 'இத்தாய்-இத்தாய்' நோய் வந்தது. 1968இல் அரசே அதை மாசு நோய் என்று ஏற்றது. இங்கிலாந்தின் ஷிப்பம் கிராமத்திலும் பழைய துத்தநாகச் சுரங்கங்களால் மண்ணில் காட்மியம் மிக மிக அதிகம். அங்கே அந்த நோய் வரவில்லை. சுண்ணாம்புச் சத்துள்ள மண் காட்மியத்தைக் கட்டிப்போட்டது ஒரு காரணம். ஒரே வயலின் அரிசியை மட்டும் நம்பாத உணவு இன்னொன்று. அமில மண்ணில் காட்மியம் அவிழ்ந்து வேருக்குள் ஓடும்.

கே: சாலையோர வீட்டில் தோட்டம் போடலாமா?
ப: போடலாம். ஆனால் சாலையோரத்திலும், பழைய பெயின்ட் உதிரும் சுவரோரத்திலும் கிழங்கு வேண்டாம். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நின்றது. அது கக்கிய ஈயம் மண்ணைவிட்டுப் போகவில்லை. அங்கே தக்காளியும் கத்தரியும் வையுங்கள், காய்வரை ஈயம் அதிகம் ஏறாது. கேரட்டுக்குத் தொட்டியும் புதுமண்ணும் மக்கிய தொழுவுரமும் போதும்.

கே: யார் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும்?
ப: குழந்தைகளும் ரத்தசோகை உள்ள பெண்களும். இரும்புச்சத்து குறைந்த உடல் இந்த உலோகங்களைக் கூடுதலாக உறிஞ்சும். முருங்கைக்கீரையும் பயறும் தட்டில் இருக்கட்டும்.

கே: சந்தையில் வாங்குபவர் எப்படிக் கண்டுபிடிப்பது? (சேலம் வாசகி)
ப: கண்டுபிடிக்க முடியாது. 'கோடெக்ஸ்' என்ற சர்வதேச உணவுத் தரத்தில் ஒரு கிலோ கிழங்குக்கு ஈயத்தின் வரம்பு 0.1 மில்லிகிராம். அது கண்ணுக்கும் நாக்குக்கும் அகப்படாத அளவு. கழுவுவதும் சீவுவதும் நம் வேலை. ஆலைக்கழிவு பாயும் வாய்க்காலை அடைப்பதும், சந்தைக் காயைச் சோதித்து முடிவை ஊரறியச் சொல்வதும் அரசின் வேலை. அதைக் கேட்டு வாங்குங்கள்.